குறை சொல்ல முடியாத பூஃபே

அலெக்ஸாந்திரியாவின் அத்தாரீன் தெருவில் நாற்பத்தோரு வருஷமாகப் பழைய மரச்சாமான் விற்கிறேன். என் பெயர் ஃபஹ்மி. இந்தத் தெருக் கடைக்காரர்களில் பொய் குறைவாகச் சொல்பவன் நான்தான் என்று நானே சொல்லிக்கொள்வேன். மற்றவர்களும் தங்களைப் பற்றி அப்படியேதான் சொல்லிக்கொள்கிறார்கள். இங்கே விற்கும் எதிலும் ஒரு குறை இருக்கும். அதை மறைப்பது எங்கள் வேலை, கண்டுபிடிப்பது வாங்க வருகிறவர் வேலை. என் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் ஒரு குறையும் இல்லாத பொருளை விற்றிருக்கிறேன். அதை ரதீபாவுக்கு விற்றேன். விற்றேன் என்று கூடச் சொல்லக்கூடாது, அவர் தலையில் கட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

ரதீபா கர்மூஸ் பேட்டைக்காரி. பதினேழு வயதில் துணி ஆலையில் சேர்ந்து முப்பத்தோரு வருஷம் ஒரே வேலையைச் செய்தவர். தறியிலிருந்து வரும் துணியை விளக்கு மேஜையில் ஓடவிட்டுக் குறை பார்க்கும் வேலை. ஓர் இழை விட்டுப் போயிருந்தாலும் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. அவர் கோடு போட்ட துணியை மேஸ்திரிகூட மறு பேச்சில்லாமல் ஓரம் கட்டிவிடுவாராம். புருஷன் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் இடத்தில் விழுந்து செத்துப்போனார். அப்போது மகன் ஹைதமுக்கு ஆறு வயது. அந்த ஒரே மகனை வளர்த்து ஆளாக்கினார். ஆள் ஆனதும் அவன் லிபியாவுக்குப் போய், படகேறி, இத்தாலியில் போய் இறங்கினான். இரண்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. அந்த இரண்டு மாதத்தில்தான் தலைமுடி முழுக்க நரைத்தது என்பார் ரதீபா. முக்காட்டை லேசாக விலக்கிக் காட்டவும் செய்வார்.

நான் அவரை ஹாஜ்ஜா என்றுதான் கூப்பிடுவேன். ஹஜ்ஜுக்குப் போனவர் இல்லை. வயதான பெண்களை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம். ஆலையிலிருந்து விலகியபோது கிடைத்த தொகையையும் மகன் அனுப்பியதையும் போட்டு ஹஜ்ஜுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அஸாஃப்ராவில் ஐந்தாம் மாடியில் மகனுக்கு ஒரு ஃபிளாட் வாங்கினார். ஃபிளாட் இல்லாத பையனுக்கு இங்கே யார் பெண் கொடுப்பார்கள்?

பெண் கிடைத்தாள். ரிஹாம். பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் ஷஃபானின் மூத்த மகள், பாலர் பள்ளியில் டீச்சர். ஹைதம் இருபது நாள் லீவில் வந்தான். இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து ஃபாத்திஹா ஓதி, யார் எதைச் செய்வது என்று பேசி முடித்தார்கள். படுக்கையறையும் சாப்பாட்டு அறையும் பிள்ளை வீட்டார் பொறுப்பு. சமையலறை, திரைச்சீலை, பீங்கான் பாத்திரம் பெண் வீட்டார் பொறுப்பு. பள்ளிவாசலில் நிக்காஹ் எழுதினார்கள். அவன் திரும்பிப் போனான். சட்டப்படி அவள் அவன் மனைவி. ஆனால் ஃபிளாட்டில் கடைசிச் சாமான் வந்து இறங்கி, விருந்து நடந்து, அவளை அழைத்துப் போகும் வரை அவள் அப்பன் வீட்டில்தான் இருக்க வேண்டும். இதுதான் வழக்கம். வீடு நிறையாமல் மணப்பெண் படியேறக் கூடாது.

ஒரு வருஷத்தில் எல்லாம் வந்துவிட்டது. பாக்கி சாப்பாட்டு அறைக்குப் பூஃபே மட்டும்தான். சுவரோரம் நிற்கும் நீளமான, தாழ்ந்த அலமாரி; மேலே சலவைக்கல், நடுவில் இழுப்பறைகள், இரண்டு பக்கமும் கதவுகள், உள்ளே விருந்தாளிக்கென்று வைத்த தட்டுகள். அந்தத் தட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள், அது வேறு விஷயம். அந்த அறையிலேயே யாரும் சாப்பிட மாட்டார்கள். என் வீட்டிலும் அப்படித்தான்: இருபத்தெட்டு வருஷமாக டி.வி. முன்னால் தரையில் உட்கார்ந்துதான் அவித்த மொச்சை ஃபூல் சாப்பிடுகிறோம், சாப்பாட்டு அறை பூட்டிக் கிடக்கிறது. ஆனால் பூஃபே இல்லாத வீட்டுக்கு மகளை அனுப்பு என்று எந்த அப்பனிடமாவது சொல்லிப் பாருங்கள், செருப்பைக் கழற்றுவான்.

அப்படித்தான் ஒரு வியாழக்கிழமை பிற்பகல் அந்த இரண்டு பேரும் என் கடைக்கு வந்தார்கள். மாமியார் முன்னால், மருமகள் அவர் கையைக் கோத்துக்கொண்டு.

"கல்யாணப் பொண்ணுக்குப் பழசு எதுக்கு ஹாஜ்ஜா? ஊரு சிரிக்காதா?" என்று நானே கேட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது.

"சிரிக்கட்டும். இப்போ வர்றது எல்லாம் அமுக்கின மரத்தூளு. ரெண்டு குளிர்காலம் கடல் காத்து பட்டா ரொட்டி மாதிரி ஊதிடும். என் புள்ள வீட்டுக்கு அது வேணாம்."

அந்த முதல் மாதம் அவர் நிஜமாகவே வாங்கத்தான் வந்தார். நாலு வாரம் பார்த்து, நாலாம் வாரம் ஒரு ஓக் மரப் பூஃபேயைத் தடவிக் கொடுத்து, ரிஹாமின் கன்னத்தைக் கிள்ளி, "இதுதான். அடுத்த வியாழக்கிழமை பணத்தோட வர்றேன், யாருக்கும் குடுத்துடாதீங்க முதலாளி" என்றார். நான் அதன் மேல் துணி போட்டு மூடி வைத்தேன். இரண்டு கிராக்கியைத் திருப்பியும் அனுப்பினேன்.

அடுத்த வியாழக்கிழமை வந்தார். முகம் ஏதோ போல் இருந்தது. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். துணியை விலக்கினார். குனிந்து பின் பக்கத்தைப் பார்த்தார். விரலால் ஒரு தட்டு தட்டினார்.

"பின்பலகை மாத்தியிருக்கு."

"ஹாஜ்ஜா, பின்பலகை சுவரப் பாத்து நிக்கப் போவுது. யாரு அத எட்டிப் பாக்கப் போறா?"

"எனக்குத் தெரியுமில்ல?" என்றார். "வா ரிஹாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் பின்பலகை மாற்றியது உண்மைதான், மாற்றியவனே நான்தான். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது. மூன்று வருஷம். ரமழானையும் பெருநாளையும் விட்டால் ஒரு வியாழன் தவறவில்லை. தெருவில் இருக்கும் எல்லாக் கடையையும் பார்ப்பார்கள், கடைசியில் என் கடைக்கு வருவார்கள். சலவைக்கல்லின் மேல் தண்ணீரை உள்ளங்கையில் தொட்டுத் தேய்ப்பார் ரதீபா. மெழுகு வைத்து அடைத்த விரிசல், கோடாகத் தெரிந்துவிடும். இழுப்பறையை வெளியே எடுத்து முகர்ந்து பார்த்து, "இதுல கரப்பான் மருந்து அடிச்சிருக்கீங்க" என்பார். இரண்டு கதவுகளையும் வெயிலில் திறந்து வைத்து, "இந்தக் கதவுல மரத்தோட ரேகை மேல போவுது, அந்தக் கதவுல கீழ போவுது. ரெண்டும் ஒரே மரமில்ல" என்பார். ஒன்று சுவரைவிட நாலு விரல் நீளம். ஒன்று ஒரு சாண் கட்டை. ஒன்றின் காலில் பூச்சி அரித்த ஓட்டை, ஊசி முனை அளவுதான் இருக்கும், அதற்குள் ஊசியை விட்டுக் காட்டினார். ஊசியைத் தோள்பையில் கொண்டே வந்திருந்தார்!

எதிர்க்கடை காப்பிக்காரன் ஸாலிஹ் என்னை விடவே மாட்டான். வியாழன் மூன்று மணி ஆனால் போதும், "ஃபஹ்மி, தலைய வாரிக்க, ஒன் வியாழக்கிழமைப் பெண்டாட்டி வர்ற நேரமாச்சு" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்துவான்.

"போடா, காப்பியில கடலை மாவு கலக்குறவனே" என்பேன்.

ரிஹாம் அதிகம் பேச மாட்டாள். பார்த்து முடித்ததும் இரண்டு பேரும் ஸாலிஹ் கடை நாற்காலியில் உட்கார்ந்து ஆளுக்கொரு புதினா டீ குடிப்பார்கள், பூசணி விதை கொறிப்பார்கள். பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் செய்த சேட்டையை ரிஹாம் நடித்துக் காட்டுவாள், ரதீபா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். பிறகு கையைக் கோத்துக்கொண்டு கர்மூஸுக்கு நடந்தே போவார்கள். போகும்போது ரிஹாம் கடைக்குள் எட்டிப் பார்த்து, "வர்றோம் மாமா, அடுத்த வாரம் நல்லதா ஒண்ணு வரும்" என்பாள், எனக்கு ஆறுதல் சொல்வது போல. முதல் வருஷம் இருபத்து மூன்று வயதுப் பெண். மூன்றாவது வருஷம் அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. அது என் கண்ணில் பட்டது. அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டாமா? இல்லை. எனக்கு என் கௌரவம்தான் பெரிதாக இருந்தது. தெருவே சொல்லத் தொடங்கியிருந்தது: ஃபஹ்மியிடம் இருக்கும் ஒவ்வொரு சாமானிலும் ஒரு குறையை அந்தக் கிழவி கண்டுபிடித்துவிடுகிறாள் என்று.

அவரை எப்படியாவது ஒரு முறை வாயடைக்கச் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துக்கொண்டது.

ருஷ்தியில் ஓர் இத்தாலியக் கிழவி தனியாக இருந்து இறந்துபோனாள். சாமான்களை விற்க அவளுடைய வக்கீல் என்னைக் கூப்பிட்டார். சாப்பாட்டு அறைக் கதவைத் திறந்தேன், நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். வால்நட் மரம். சரியாக இரண்டு மீட்டர் நீளம். ரோஜா நிறச் சலவைக்கல், ஒரே பாளம். இழுப்பறை மூலைகள் ஆணியே இல்லாமல் பல்லோடு பல் கோத்தவை. ஆறு பூட்டு, ஆறு சாவி, ஆறும் அதனுடையதே. கடைக்குக் கொண்டுவந்து மூன்று நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். கல்லைத் தண்ணீரால் துடைத்தேன். தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன். ஊசியும் வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வோர் அங்குலமாகத் தேடினேன். ஒன்றுமில்லை. இந்த நாற்பத்தோரு வருஷத்தில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. நடைபாதையில் இழுத்துப் போட்டு, வியாழக்கிழமை மூன்று மணிக்காகக் காத்திருந்தேன்.

வந்தார்கள்.

"ஹாஜ்ஜா!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். "இதுல ஒரே ஒரு குறை சொல்லுங்க. சொல்லிட்டா காசு வேணாம், சும்மா எடுத்துட்டுப் போங்க. சொல்ல முடியலன்னா இன்னைக்கே வாங்கணும். சம்மதமா?"

ஸாலிஹ் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வந்தார்கள். ரதீபா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? மூன்று வருஷமாகப் பூஃபே தேடுகிற பெண் நல்ல பூஃபேயை வேண்டாம் என்றால் ஊர் என்ன கேட்கும்?

கல்லைத் தேய்த்தார். பின்னால் போய்த் தட்டினார். ஒவ்வோர் இழுப்பறையாக எடுத்து முகர்ந்தார். காலுக்கடியில் குனிந்தார். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். பார்த்த இழுப்பறையையே மறுபடி மறுபடி எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். வயது என்று நினைத்தேன். மடையன்.

"அத்தை," என்றாள் ரிஹாம், "இந்த ஓரத்துச் சாவி கொஞ்சம் இறுக்கமா இருக்கே? திரும்பவே மாட்டேங்குதே?"

ரதீபாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. நான் விடுவேனா? உள்ளே ஓடிப்போய் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்தேன். ஒரு சொட்டு விட்டேன். சாவி சுழன்றது.

"இப்ப?" என்றேன்.

ரிஹாம் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். ரதீபா பூஃபேயைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில், "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அவ்வளவுதான். ஸாலிஹின் பெண்டாட்டி மாடி ஜன்னலிலிருந்து குலவையிட்டாள். எதிர்வீட்டுப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். மணப்பெண்ணின் சாமான் மேல் குலவை விழுந்துவிட்டால் அதற்கப்புறம் பின்வாங்குவது என்ற பேச்சே கிடையாது. பின்வாங்கினால் பெண்ணின் வாழ்க்கைக்கே ஆகாது என்பார்கள். நல்லா இருங்க, நல்லா இருங்க என்று ஆளாளுக்கு ரிஹாமின் கையைப் பிடித்தார்கள். நான் விலை சொன்னேன். ரதீபா பேரமே பேசவில்லை. மூன்று வருஷம் என் உயிரை எடுத்தவர், ஒரு பியாஸ்தர்கூடக் குறைக்கக் கேட்கவில்லை. அதையும் நான் என் வெற்றி என்றே எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு அவர்கள் டீ குடிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அஸாஃப்ராவில் இறக்கினோம். மாடிப்படி குறுகல், பால்கனிக் கம்பியைக் கழற்றி, கயிறு கட்டி, தெருவே கூடி நின்று அண்ணாந்து பார்க்க, ஐந்தாம் மாடிக்கு ஏற்றினோம். சலவைக்கல்லைத் தனியாக நாலு பேர் சுமந்தார்கள். அறையில் மேஜையும் எட்டு நாற்காலிகளும் வாங்கிய நாளின் நைலான் உறையோடு நின்றன. பூஃபே சுவரில் அளந்து வைத்தது போல் பொருந்தியது. ரிஹாமின் அப்பன் ஷஃபான் அறையை ஒரு சுற்று சுற்றி வந்தான். கையைத் தட்டித் தூசியை உதறினான்.

"வீடு நெறைஞ்சாச்சு ஹாஜ்ஜா. இனி ஒங்க மகன் என்ன சாக்குச் சொல்லுவான்? பெருநாள் முடிஞ்ச மொத வாரம் விருந்து. அவனுக்கு ஃபோன் போடுங்க. இப்பவே போடுங்க, நான் பேசறேன்."

ரதீபா ஃபோனை எடுக்கும்போது நான் கூலியாட்களோடு படியிறங்கிக்கொண்டிருந்தேன். மேலே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மூன்று வியாழன் போனது, நாலாவதும் போனது, அவர்கள் வரவில்லை. ஏன் வர வேண்டும், பூஃபேதான் வாங்கியாயிற்றே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் மூன்று மணிக்குத் தெருமுனையைப் பார்ப்பேன். ஸாலிஹ்கூடக் கிண்டல் செய்வதை விட்டுவிட்டான்.

ஒரு சனிக்கிழமை மதியம் ரிஹாம் தனியாக வந்தாள். கடைக்குள் வந்து, ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள்.

"தலாக் வந்துடுச்சு மாமா. இத்தாலியிலேர்ந்து, காகிதத்துல."

நான் எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அவருக்கு அங்க பொண்டாட்டி இருக்கு. ஒரு கொழந்த. அப்பா ஃபோன்ல கத்தினதும் அவரே சொல்லிட்டாரு."

"அடப்பாவி! அவன் நாசமாப் போக! நீ... நீ எப்படிம்மா..."

"எனக்குத் தெரியும் மாமா." அவள் குரலில் அழுகை இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. "ரெண்டரை வருஷமாத் தெரியும். எங்க பள்ளிக்கூட டீச்சரோட அண்ணனும் அங்கதான் இருக்காரு. ஃபோட்டோ காமிச்சா. கடற்கரையில மூணு பேரா நிக்கிறாங்க."

"தெரிஞ்சுமா வாரா வாரம் வந்த?"

"வராம? சொல்லியிருந்தா அன்னிக்கே எல்லாம் முடிஞ்சிருக்கும். அத்தை என்ன ஆவாங்க? ஒரே மகன். அவன் வருவான், கல்யாண வீடு நடக்கும்னு அதே நெனப்புல இருக்காங்க. நான் எப்படி அவங்க முகத்தப் பாத்துச் சொல்லுவேன்? அவங்க குறை சொல்லச் சொல்ல எனக்கு நிம்மதியா இருக்கும். இன்னும் ஒரு வாரம்னு. அப்பா என்னை வேற யாருக்கும் பேச முடியாது, நான்தான் கல்யாணம் ஆனவளாச்சே. வியாழக்கிழமை ஆனா அத்தையோட வெளிய வரலாம்." நிறுத்தினாள். "அன்னிக்கு அந்தச் சாவி உண்மையிலயே இறுக்கமாத்தான் இருந்துச்சு மாமா."

நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது? என்னை மன்னிச்சிடும்மா என்றேன். உங்க மேல என்ன தப்பு, நீங்க நல்ல சாமானைக் குடுத்தீங்க என்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

"இப்ப அப்பா வேற இடம் பேசி முடிச்சிட்டாரு. தமன்ஹூர்ல. பொண்டாட்டி செத்தவரு, அம்பது வயசு. வீட்ல எல்லாம் ரெடியா இருக்காம், ஒண்ணும் வாங்க வேண்டியதில்லையாம். அடுத்த வியாழக்கிழமை கூட்டிட்டுப் போறாரு."

"ஹாஜ்ஜாவப் பாத்தியா?"

"அப்பா விட மாட்டேங்குறாரு. அந்த வீட்டு வாசப்படி மிதிச்சா கால ஒடிச்சிடுவேன்னு சொல்றாரு." எழுந்தாள். "அத்தை அஸாஃப்ரா ஃபிளாட்லயே கெடக்குறாங்களாம். அவங்களத் தனியா விட்டுட்டேன் மாமா. அதுதான் தாங்கல." அப்போதுதான் அழுதாள். சத்தம் வராமல், முக்காட்டைக் கடித்துக்கொண்டு. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். கடையிலிருந்த சாமான் எதையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். அந்தப் பெண்மணி அங்கே என்ன பாடு படுகிறாரோ. மகன் ஏமாற்றிவிட்டான், மருமகள் தன்னைச் சபித்துக்கொண்டிருப்பாள் என்று எண்ணி உருகிக்கொண்டிருப்பார். அவளுக்கு முன்னாலேயே தெரியும், உங்கள் மேல் கோபமே இல்லை, உங்களுக்காகத்தான் பொறுத்துக்கொண்டிருந்தாள் என்று போய்ச் சொன்னால் பாதி பாரம் இறங்குமே. நான் கெடுத்ததில் ஒரு துளியையாவது நானே சரி செய்யலாமே. செவ்வாய்க்கிழமை கடையைப் பூட்டிவிட்டு அஸாஃப்ராவுக்கு மினிபஸ் ஏறினேன்.

ஐந்து மாடி ஏறி மூச்சு வாங்கி நின்றேன். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஜன்னல்களில் திரை இல்லை, வெறும் கம்பிகள். பெண் வீட்டார் தாங்கள் கொடுத்ததை எல்லாம் எடுத்துப் போயிருந்தார்கள். ரதீபா சாப்பாட்டு அறையில், நைலான் உறை போட்ட நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தார். பூஃபேயின் கதவுகள் திறந்திருந்தன. உள்ளே ஒரு தட்டும் இல்லை.

"வாங்க முதலாளி. உக்காருங்க. அடுப்பையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க, ஒரு டீ போட்டுத் தரக்கூட வழியில்ல."

"டீ கெடக்கட்டும் ஹாஜ்ஜா. உங்களப் பாக்கத்தான் வந்தேன். ஒரு விஷயம் சொல்லணும்."

"நான் ஒண்ணு சொல்றேன், மொதல்ல அதக் கேளுங்க. யார்கிட்டயாவது சொல்லாட்டி நெஞ்சு வெடிச்சிடும்." அவர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலையே பார்த்தார். "எனக்கு முன்னாடியே தெரியும்."

நான் இன்னொரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன்.

"அந்த ஓக் மரத்த வாங்குறேன்னு சொல்லிட்டுப் போனேனே, ஞாபகமிருக்கா? அந்தச் செவ்வாய்க்கிழமை ஃபோன் பண்ணினான். அங்க ஒருத்தியக் கட்டிக்கிட்டேன், கொழந்த பொறக்கப் போவுது, நீயே அவங்ககிட்டச் சொல்லிடும்மான்னு சொல்லிட்டு வச்சிட்டான். நானே சொல்லணுமாம்! ஒவ்வொரு வியாழக்கிழமையும் இன்னைக்குச் சொல்லிடணும்னுதான் முக்காட்டக் கட்டிக்கிட்டுக் கெளம்புவேன். அவ வந்து கையக் கோத்துக்குவா. மொதல்ல கடையப் பாத்துடுவோம், அப்புறம் சொல்லிக்கலாம்னு ஆயிடும். மூணு வருஷம். அந்தப் பொண்ணோட மூணு வருஷத்த நான் தின்னுட்டேன் முதலாளி. எனக்கு ஒரு மக இருந்தா எப்படி இருக்கும்னு பாக்குற ஆசையில தின்னுட்டேன். அல்லா என்னை மன்னிக்க மாட்டான்."

அழுதார். முகத்தை மூடிக்கொள்ளக்கூட இல்லை. நான் அந்த வெற்று அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடு, அவளுக்கும் தெரியும் என்று சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தேன்.

"ஹாஜ்ஜா, ரிஹாம் கடைக்கு வந்திருந்தா..."

அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "வந்தாளா? என்ன சொன்னா? இல்ல, வேணாம், சொல்லாதீங்க. திட்டியிருப்பா. திட்டட்டும்." என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ராத்திரியெல்லாம் அத நெனச்சுத்தான் மனசத் தேத்திக்கிறேன். நான் செஞ்சதெல்லாம் பாவம், சரி. ஆனா அந்த மூணு வருஷம் அவ நம்பிக்கிட்டு இருந்தா இல்ல? புருஷன் வருவான், இந்த வீட்டுக்கு வரப்போறோம்னு ஆசையா இருந்தா இல்ல? டீ குடிச்சிட்டு எப்படிச் சிரிப்பா, பாத்திருக்கீங்களே. பொய்யா இருந்தாலும் அது சந்தோஷந்தானே? நான் அவளுக்குக் குடுத்தது அது ஒண்ணுதான். உங்க கண்ணு முன்னாடிதானே வந்து போனா. சந்தோஷமா இருந்தாளா, இல்லையா?"

அவர் விரல்கள் என் முழங்கையை இறுக்கிக்கொண்டிருந்தன. ரிஹாம் சொன்னது எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் அவருக்கு மிச்சமிருக்கிற அந்த ஒன்றும் போய்விடும்.

"ஆமா ஹாஜ்ஜா," என்றேன். "சந்தோஷமாத்தான் இருந்தா."

"இந்தச் சனியனுக்கெல்லாம் முன்னாடி?"

"எல்லாத்துக்கும் முன்னாடி. ஒண்ணும் தெரியாம, சந்தோஷமா இருந்தா."

அவர் கையை விட்டார். முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனி அவ கதி என்ன, ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். பூஃபேயின் கதவுகளைச் சாத்திவிட்டுப் படியிறங்கினேன்.